டாலர் ஹோம் என்ற ஃபோல்டர்

டாலர் குறி பணத்தைக் குறிக்கிறது என்று மனிதகுலத்தின் பெரும்பகுதி இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது. செய்தித்தாள்கள் இந்தப் பிழையைத் தினமும் பரப்புகின்றன, பள்ளிக்கூடங்கள் அதைத் திருத்த முயன்றதே இல்லை, படித்தவர்களே மேடையில் கூசாமல் சொல்கிறார்கள். திருச்சிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்ற தகுதியில், தாயுமானவனாகிய நான் பொறுப்போடு சொல்கிறேன், அந்தக் குறிக்கும் பணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டாலர் போட்டால், பின்னால் வருவது ஒரு பெயர், அந்தப் பெயரை எடுத்துவிட்டு அதற்குள் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து இங்கே வை என்று கணினிக்கு அர்த்தம். டாலர் ஹோம் என்று தட்டினால், யார் தட்டுகிறாரோ அவருடைய சொந்த ஃபோல்டரின் முழு விலாசம் அந்த இடத்தில் வந்து உட்காரும். அவரவர் வீடு. இவ்வளவுதான் விஷயம், இதில் தத்துவம் ஒன்றுமில்லை, ஒரு குழந்தைக்குக் கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஆனால் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை, அதனால்தான் வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஜெசிந்தா என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, அழுதுவிடக் கூடாது என்ற தீர்மானத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய பதினோரு நாள் கணக்கைக் காணவில்லை. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டினால் அலை எந்தப் பக்கம் திரும்பும், எந்த ஊர் மணலை அரிக்கும் என்று கடலை லட்சம் கட்டமாக வெட்டிப் பதினோரு நாள் ஓடிய கணக்கு இன்று விடியற்காலையில் முடிந்திருக்கிறது, முடிந்தது என்று அவளுக்கு மெயில்கூட வந்திருக்கிறது, திறந்து பார்த்தால் முடிவுகள் ஃபோல்டர் காலி. பகல் இரண்டு மணிக்கு அவளுடைய ஆராய்ச்சிக் கமிட்டி. வெளியிலிருந்து வருகிற பேராசிரியர் ஏற்கனவே ரயிலில் வந்து இறங்கி விருந்தினர் விடுதியில் குளித்துக்கொண்டிருக்கிறாராம். இரண்டு முறை தள்ளிப்போட்ட கூட்டம், மூன்றாம் முறை கேட்டால் பதிவை ரத்து செய்துவிடுவோம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்களாம். இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொன்னாள், நான் எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன், கணினி தானாக எதையும் அழிக்காது, நீங்களே தெரியாமல் அழித்திருப்பீர்கள். அவள் இல்லை என்றாள். எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்றேன். அவள் பையின் ஜிப்பைப் பாதி திறந்து, மறுபடி மூடினாள்.

எதையும் முறைப்படி செய்ய வேண்டும். லாகின் செய்தவுடன் சர்வர் முதலில் படிப்பது அவரவருடைய தொடக்கக் கோப்பை, காலையில் எழுந்ததும் இன்ன இடத்தில் பல்பொடி, இன்ன இடத்தில் சாவி என்று ஒரு மனுஷன் தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல முப்பது முப்பத்தைந்து வரி. என்னிடம் எல்லா வீட்டுக்கும் சாவி உண்டு, அதனால் நான் இப்போது ஜெசிந்தாவாக மாறி உள்ளே நுழைந்து அவள் தொடக்கக் கோப்பைத் திறக்கிறேன், முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, இதை அவள் எழுதவில்லை, யாருமே எழுதுவதில்லை. புதிதாக ஒருவர் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் சீனியர் கொடுக்கிற முதல் தானம் தன்னுடைய தொடக்கக் கோப்பு, இரண்டாவது தானம் கேன்டீனில் எதைத் தொடக் கூடாது என்ற தகவல். ஏழெட்டு வருடமாகக் கைமாறி வருகிற கோப்பு, நடுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வரியை ஒட்டவைத்திருக்கிறார்கள், ஒருவன் தன் பிறந்தநாளைக்கூட வைத்துவிட்டுப் போயிருக்கிறான். படிக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூக்குக்கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டும், மேல்பாதி வழியாகப் பார்க்கக் குனிய வேண்டும், திரை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. பதினேழாவது வரி, முடிவுகளை வைக்க வேண்டிய இடம், டாலர் ஹோம், சாய்கோடு, முடிவுகள். சரி. சரியாகத்தான் இருக்கிறது, நானே இப்படித்தான் எழுதுவேன், அடுத்த வரி. எங்கேயும் பிசகில்லை, ஆகவே பிசகு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று என் மனசு தீர்ப்பெழுதத் தொடங்கிவிட்டது. கோப்பில் பிசகில்லை என்றேன். அவள் ஸ்கிராட்சைப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஸ்கிராட்ச் என்பது எல்லோருக்கும் பொதுவான வட்டு, ஓடுகிற கணக்குகள் தற்காலிகமாகக் கிறுக்கிக்கொள்கிற இடம், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு மாதிரி. அதைச் சுத்தமாக வைத்திருக்க நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருக்கிறேன், வியாழன்தோறும் பகல் பன்னிரண்டுக்கு அது எழுந்து, பத்து நாளுக்கு மேல் வயதான ஃபோல்டர் எதுவாக இருந்தாலும் யாருடையது என்று கேட்காமல் துடைத்துவிடும். துடைத்தது திரும்பாது. முடிவுகளை அங்கே வைக்கக் கூடாது, வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று பதினாறு இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

"ஒருவேளை அங்க எங்கயாவது விழுந்திருந்தா, பன்னெண்டு மணிக்கு போயிரும்லா சார்?"

அங்கே விழ வழியே இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகு, வழியே இல்லை என்று ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று எனக்கே ஒரு உறுத்தல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று இருபத்தெட்டு, அதாவது பதினொன்று இருபத்துநான்கு, ஏனென்றால் சுவர்க் கடிகாரம் மூன்று வருடமாக நான்கு நிமிடம் முன்னால் ஓடுகிறது, அதைத் திருத்த ஏணி வேண்டும், ஏணிக்கு எஸ்டேட் ஆபீசுக்குக் கடிதம் எழுத வேண்டும், எழுதினேன், கட்டடத்தின் விலாசம் குறிப்பிடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விலாசம். ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்த வருடம் நினைவுக்கு வருகிறது, வேண்டாம், இப்போது வேண்டாம், ஆனால் வந்துவிட்டது. தற்போதைய முகவரி என்று கேட்ட இடத்தில் மூன்று வரி ஒழுங்காக எழுதினேன், நிரந்தர முகவரி என்று கேட்ட இடத்தில், எல்லா யோக்கியர்களையும் போல, மேற்படி என்று எழுதினேன். அட்டை வந்தது. தாயுமானவன், தகப்பனார் பெயர், ரத்த வகை, முகவரி: மேற்படி. யாரோ ஒருவர், நான் எழுதியதைத்தான், ஒரு எழுத்துப் பிசகாமல், நேர்மையாக அடித்திருக்கிறார். பாலக்கரையில் ஒரு போலீஸ்காரர் அந்த அட்டையை வெயிலுக்குக் காட்டிப் பார்த்துவிட்டு, மேற்படின்னா எந்தப் பக்கம் சார், முசிறி தாண்டியா என்று மரியாதையாகக் கேட்டார். என் மனைவி மங்கை பின்சீட்டில் உட்கார்ந்து சிரித்தாள். வீடு வரைக்கும் சிரித்தாள். இன்றைக்குக் காலையில் அவள் சிரிக்கவில்லை. இட்லிக்குப் பொடி என்று நினைத்துக் காபிப் பொடியில் கைவைத்தேன், டப்பாவில் பெயர் எழுதித்தானே ஒட்டியிருக்கு என்றாள், எழுத்து சின்னதாக இருக்கிறது என்றேன், கண் டாக்டரிடம் எப்போது போகிறீர்கள் என்று கேட்டாள். போகிறேன் என்றேன். இடது கண்ணின் ஓரத்தில் ஒரு இழை மிதக்கிறது, ஆறு மாதமாக, வெள்ளைத் திரையில் அதிகமாகத் தெரிகிறது, கறுப்புத் திரையில் ஒளிந்துகொள்கிறது, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அது கண் என்று ஆகிவிடும், சொல்லாதவரை அது ஒரு இழை. எழுத்துகளின் காலைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற வேலை என்னுடையது. ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு இடைவெளி விட்டால் ஆயிரம் பேரின் வீடு திறந்துகொள்ளும். ஏசியின் காற்று சரியாகப் பிடரியில் வந்து விழுகிறது, மெஷின்களின் இரைச்சல் பற்களுக்குள் கேட்கிறது, ஜெசிந்தா மூன்றாம் முறையாகப் பையின் ஜிப்பைத் திறந்து மூடுகிறாள், அந்த ஜிப்பைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும் போல இருக்கிறது.

சரி, அவள் திருப்திக்காக ஸ்கிராட்சைப் பார்த்துவிடலாம். பட்டியல் போடச் சொன்னேன். அவளுடைய இடத்தில் நான்கைந்து ஃபோல்டர்கள், பழைய பரிசோதனைகள், கடைசியாக ஒன்று, அதன் பெயர் டாலர் ஹோம். இதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வாத்தியார் எழுந்து நின்றார். ஆக, இந்தப் பெண் ஸ்கிராட்சிலிருந்து தன் வீட்டுக்குப் போக ஒரு குறுக்குவழி போட்டு வைத்திருக்கிறாள், அதற்கு அலங்காரமாக இந்தப் பெயரையும் வைத்திருக்கிறாள், இதனால் எத்தனை குழப்பம் வரும் என்று ஒரு யோசனையில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். டாலர் ஹோமுக்குப் போ என்று தட்டினேன், போனது, அவள் வீட்டில் நின்றேன், முடிவுகள் ஃபோல்டர் காலி. பார்த்தீர்களா, இது உங்கள் வீட்டுக்குத்தான் போகிறது என்றேன். குறுக்குவழி எதுவும் தான் போடவில்லை என்றாள். போடாமல் அது எப்படி வந்தது என்றேன். மறுபடி ஸ்கிராட்சுக்கு வந்தேன், மறுபடி அதற்குள் போனேன், மறுபடி வீடு. சிறுவயதில் காய்ச்சலில் இப்படி ஒரு கனவு வரும், ஒவ்வொரு கதவாகத் திறப்பேன், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அதே கூடம், அதே நாற்காலி, நாற்காலியில் நான். மூன்றாம் முறை. வீடு. கதவைத் திறக்கிறவன் கதவைப் பார்ப்பதில்லை, அதுதான் சங்கடம், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும் என்கிற நினைப்பிலேயே கைப்பிடியைத் திருகுகிறான். மங்கை ஒருமுறை சொன்னாள், நீங்க நான் சொல்றத கேக்கறதில்ல, நான் என்ன சொல்லப்போறேன்னு உங்களுக்கே சொல்லிக்கிறீங்க. அதற்கு நான், அப்படியெல்லாம் இல்லை என்றேன், அவள் வாயைத் திறப்பதற்குள். இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறேன். பதினொன்று நாற்பத்தொன்று. துறைத் தலைவருக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும், மாணவி கவனக்குறைவால் கோப்புகளை இழந்துள்ளார், கணினி மையம் பொறுப்பாகாது, இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்பும் எழுதியிருக்கிறேன், நல்ல வாக்கியம், உறுதியான வினைமுற்று. பட்டியலை இன்னொரு முறை விரிவாகப் போட்டேன், தேதி, அளவு, உரிமையாளர் எல்லாவற்றோடும், விளக்கத்தில் சேர்த்துக்கொள்ள. அவள் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டாள். எனக்கு எதிராகப் பேசலாமா என்று அவள் எடைபோடுவது அவளுடைய மூச்சிலேயே கேட்டது.

"சார், குறுக்குவழின்னா பேருக்குப் பக்கத்துல அம்புக்குறி போட்டு எங்க போவுதுன்னு காட்டும்லா. இதுல அம்பு இல்லியே. வரியோட மொத எழுத்து கூட ஃபோல்டருக்கு உள்ளது."

பார்த்தேன். தலையைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாக. அம்புக்குறி இல்லை. வரியின் முதல் எழுத்து நிஜமான ஃபோல்டருக்குப் போடுகிற எழுத்து. உருவாக்கிய தேதி பதினோரு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை. இது ஒரு வழி இல்லை. இது ஒரு ஃபோல்டர், இதன் பெயரே அது, டாலர் ஹோம், நான்கு ஆங்கில எழுத்தும் முன்னால் ஒரு குறியும், எதற்கும் பதிலாக நிற்காமல், தனக்காகத் தானே நிற்கிற பெயர். அதை நான் பெயராகக் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் சர்வர் என்னை மரியாதையாக வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறது, அதன் வேலை அது. நான் கூப்பிட்டது அதன் காதில் விழவே இல்லை. அப்படியானால் பதினேழாவது வரி. அப்படியானால் அவளுடைய கணக்கு, முடிவுகளை எங்கே வைப்பது என்று கேட்டபோது, டாலர் ஹோம் என்ற சொல்லே அதற்கு விலாசமாகக் கிடைத்திருக்கிறது, திறக்காமல், உள்ளே இருப்பதை எடுக்காமல், மேற்படி என்று அடித்த அந்த நேர்மையான மனிதரைப் போல, அது நின்ற இடமான ஸ்கிராட்சிலேயே அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, கடலை அதற்குள் கொட்டியிருக்கிறது. தொடக்கக் கோப்பை மறுபடி திறந்தேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன், திரையில் ஒரு வரிதான் கொள்ளும் அளவுக்கு. இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி, டாலரைக் கணினி பார்க்கும், மாற்றும். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் இரும்புப் பெட்டி, உள்ளே என்ன எழுதியிருக்கிறதோ அது அப்படியே கிடக்கும். பதினேழாவது வரியில் இருந்தது ஒற்றை. அரைமணி நேரம் முன்னால் நான் அங்கே இரண்டு கோடுகளைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பார்த்தேனா, நினைத்தேனா.

பதினொன்று ஐம்பத்தொன்று, சர்வரின் கணக்கில். முதலில் துடைக்கிற ஸ்கிரிப்டை நிறுத்த வேண்டும், அதற்கு இன்னொரு ஜன்னல், சர்வ அதிகாரம் உள்ள ஜன்னல், அங்கே நான் தட்டுவது எதுவானாலும் ஏன் என்று கேட்காமல் நடக்கும். அந்த ஜன்னலைத் திறந்தால் கடவுச்சொல்லைக் கேட்கிறது, தவறு என்கிறது, மறுபடி கேட்கிறது, தவறு என்கிறது, சென்ற வாரம்தான் மாற்றினேன், பாதுகாப்பு விதிமுறையின்படி மாற்றியே ஆக வேண்டும் என்று எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பியவன் நானே, புதிய சொல்லை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று அதே சுற்றறிக்கையில் ஆறாவது அம்சம், எழுதி வைக்கவில்லை, மூன்றாம் முறை தவறினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும் என்பது ஏழாவது அம்சம். கையை எடுத்தேன். வேண்டாம். அவளுடைய ஜன்னலில் இருந்தே ஃபோல்டரை அவள் வீட்டுக்குத் தூக்கிவிடலாம், அவள் பொருள், அவளுக்கு உரிமை உண்டு, துடைப்பம் வீட்டுக்குள் வராது. தூக்கு என்று தட்ட வேண்டும், பிறகு அதன் பெயர், பிறகு எங்கே என்பது. பெயர். பெயரை அப்படியே தட்டினால் அவள் வீட்டையே தூக்கி அவள் வீட்டுக்குள் வைக்கச் சொல்கிறேன் என்று ஆகும், சர்வர் முடியாது என்று சொல்லலாம், சொல்லும், பெரும்பாலும் சொல்லும், ஆனால் சொல்லும் என்று நான் இன்று காலையிலிருந்து எத்தனை விஷயத்தை நம்பினேன். இரும்புப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். தட்டினேன். இரண்டு பக்கமும் மேற்கோள். அவை ஒற்றையா என்று பார்த்தேன். இழை வந்து சரியாக அவற்றின்மேல் உட்கார்ந்தது. கண்ணை மூடித் திறந்தேன், தலையைத் தூக்கினேன், குனிந்தேன், ஒன்றாகத் தெரிந்தது, இரண்டாகத் தெரிந்தது. விரல் மேற்கோள் விசையைத்தான் தொட்டது, ஷிஃப்டோடு சேர்த்தால் அதே விசை இரட்டை, ஷிஃப்ட் அழுத்தினேனா என்று விரலைக் கேட்டால் விரலுக்கு என்ன தெரியும். இருபத்தாறு வருடத்தில் நான் யாரையும் என் திரையைப் பார்த்து எதையும் சொல்லச் சொன்னதில்லை. ஐம்பத்து நான்கு. ஐம்பத்து ஐந்து.

"ஜெசிந்தா. இது ஒத்தையா, ரெட்டையா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை, முதலில் என்னைப் பார்த்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, அப்புறம் திரையைப் பார்த்தாள்.

"ரெண்டுமே ஒத்தை, சார்."

அழுத்தினேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரியில் வந்து நின்றது, இந்த மெஷின்கள் வெற்றியை ஒருபோதும் அறிவிப்பதில்லை, பிழையை மட்டும்தான் சொல்லும், என் அப்பாவைப் போல, இல்லை, என்னைப் போல. ஆனால் பெரிய ஃபோல்டர், வேறு வட்டுக்குப் போகிறது, நகல் எடுத்துவிட்டுத்தான் பழையதை விடும், நேரம் எடுக்கிறது, வரி அப்படியே நிற்கிறது, முதலில் முடிந்துவிட்டது என்று நினைத்தது முடியவில்லை, அது ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் பன்னிரண்டு ஆகிவிட்டது, அது பொய், அது பொய் என்று எனக்குத் தெரியும், இருந்தும் நெஞ்சு அதை நம்பியது. அவள் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், ஜெபமாக இருக்கலாம், என்னைத் திட்டியதாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் நியாயம் உண்டு. பதினொன்று ஐம்பத்தெட்டு சொச்சத்துக்கு வரி நகர்ந்தது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தோம், இருநூற்று அறுபத்து நான்கு ஃபைல், ஒரு மணிக்கு ஒன்றாகப் பதினோரு நாளுக்குக் கணக்குச் சரி. அவள் ஒன்றைத் திறந்தாள், திரையில் ஒரு கடற்கரை வந்தது, நீலமும் சிவப்புமாக. சிவப்பான இந்த வளைவில் மணல் போய்விடுகிறது, நீலமான இங்கே போய்ச் சேர்கிறது, இங்கதான் எங்க சித்தி வீடு என்று ஒரு சிவப்பின்மேல் விரலை வைத்தாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் எழுந்து ஸ்கிராட்சைத் துடைத்துவிட்டுப் படுத்தது. அதன் வேலையில் ஒரு குறையுமில்லை.

இப்போது எனக்குக் கோபம் வருவதற்கு இடம் கிடைத்தது, ஒரு மணி நேரமாக உட்கார இடம் தேடிக்கொண்டிருந்த கோபம். இந்தப் பதினேழாவது வரியை எழுதிய மகானுபாவன் யார். எந்த மடையன் டாலரை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அதைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவிட்டுப் போனான். இதைத்தானே நான் ஏழு வருடம் முன்னால் இரண்டு நாள் பயிலரங்கு நடத்தி, பதினான்கு பக்கத்தில் குறிப்பு அச்சடித்து, அடிக்குறிப்புகளோடு, தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். பெயரைச் சொல்லுங்கள், அவன் எங்கே வேலையில் இருந்தாலும் நான் போன் செய்கிறேன் என்றேன். ஜெசிந்தா பென் டிரைவைச் சொருகி நகல் எடுத்துக்கொண்டிருந்தாள், திரும்பாமலே, வேணாம் சார், அதான் கிடைச்சிருச்சே என்றாள். நான் விடவில்லை. ஒரு பிழை எங்கே தொடங்கியது என்று தெரியாமல் திருத்துவது திருத்தமாகாது என்றேன், இதுவும் அந்தக் குறிப்பில் இருக்கிற வாக்கியம். அப்போதுதான் அவள் மடியிலிருந்த பையின் ஜிப்பை முழுசாகத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நகலின் நகலின் நகலான ஒரு தாள், ஓரமெல்லாம் கறுத்து, எழுத்துகள் வீங்கி. நானே எழுதிய குறிப்பின் ஒன்பதாம் பக்கம். எட்டாம் பக்கம் இல்லை, பத்தாம் பக்கம் இல்லை. அந்த ஒரு பக்கம்தான் எல்லோருக்கும் கைமாறுகிறதாம், ஏனென்றால் மாதிரித் தொடக்கக் கோப்பு முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்தின் உச்சியில் தனியாக, ஒற்றை மேற்கோளில், அந்த வரி. எனக்கு எட்டாம் பக்கம் மனப்பாடம். எட்டாம் பக்கத்தின் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன், கீழ்க்கண்டவாறு ஒருபோதும் எழுதக் கூடாது, முற்றுப்புள்ளி அல்ல, முக்காற்புள்ளி. அதற்குக் கீழே இடமில்லை. இடமில்லாததால் எழுதக் கூடாத அந்த உதாரணம் எச்சரிக்கையைப் பிரிந்து அடுத்த பக்கத்துக்குப் போனது, அதை நான் அச்சுத் திருத்தத்தில் பார்த்தேன், பார்த்து, வாசிக்கிறவன் பக்கத்தைத் திருப்பாமலா போய்விடுவான் என்று விட்டேன். மற்றப் பக்கங்களில் அரைப்புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"கீழ ஓரத்துல உங்க கையெழுத்து இருக்கு பாருங்க சார். அதான் எங்க லேப்ல யாரும் இத மாத்தல."

இருந்தது. சுருக்கொப்பம், தேதியோடு. ஒவ்வொரு பக்கத்திலும் போட்டேன், அனுமதியில்லாமல் யாரும் மாற்றக் கூடாது என்பதற்காக. பதினேழாவது வரியைத் திருத்திக் கொடுத்தேன், அவளையே தட்டச் சொல்லி. ஜன்னலை மூடிவிட்டு மறுபடி லாகின் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய மதிப்பே இருக்கும், திருத்தியதெல்லாம் இனிமேல் தொடங்குவதற்குத்தான் என்றேன். சரி சார் என்றாள். தாளை உறைக்குள் வைத்தவள் யோசித்து, மறுபடி எடுத்து, என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். கதவு வரை போனவள் திரும்பி, கண்ணுக்கு ஜோசப் ஆஸ்பத்திரில நல்லா பாக்காங்க சார், காலையிலயே போனா கூட்டம் இருக்காது என்றாள். நான் பார்க்கலாம் என்றேன்.

மணி பன்னிரண்டு நாற்பது. எலுமிச்சை சாத டப்பாவைத் திறக்கவில்லை. துடைக்கிற ஸ்கிரிப்ட் தான் அழித்தது ஒவ்வொன்றையும், பெயர், தேதி, யாருடையது என்று ஒரு பதிவில் எழுதி வைக்கிறது, அப்படித்தான் அதை எழுதினேன். அந்தப் பதிவை இதுவரை திறந்ததில்லை. கடவுச்சொல் இப்போது முதல் முறையிலேயே நினைவுக்கு வந்தது. டாலர் ஹோம் என்ற பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்துத் தேடினேன். ஏழு வருடத்தில் பதினொரு வரிகள் வந்தன. எட்டுப் பேருடையவை. பல்கலைக்கழகப் பட்டியலில் பார்த்தேன், அவர்களில் ஐந்து பேர் பட்டம் வாங்கியிருந்தார்கள். மற்ற மூன்று பேரின் லாகின்கள், படிப்பு இடைநிறுத்தம் என்ற காரணத்தோடு, என் கையெழுத்தில் மூடப்பட்டிருந்தன.